மண்ணில் இல்லாதது மாட்டிலும் இல்லையா?

14 அக்டோபர் 2023 – கேள்வி (உடுமலைப் பக்கத்து வாசகர்)

ஐயா, மக்காச்சோளம் விதைத்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. இரண்டு ஏக்கர். இளம் இலைகளில் நடு நரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடுகிறது. சில செடிகளில் குருத்தே வெளுத்து நிற்கிறது. கடைக்காரர் மூன்று பாட்டில் கொடுத்து 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒன்று கடற்பாசியாம், ஒன்று ஏதோ அமிலமாம், மூன்றாவதில் பெயரைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை. இதே தோட்டத்துத் தட்டைத் தின்னும் கலப்பின மாட்டுக்கு மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை, சுவரை நக்கிக்கொண்டிருக்கிறது. என் கணக்கு இது: மண்ணில் இல்லை, அதனால் பயிரில் இல்லை, அதனால் மாட்டிலும் இல்லை. மண்ணுக்கு ஜிங்க் போட்டால் மாட்டுக்கும் சேர்த்தே போட்டதாகிவிடாதா?

14 அக்டோபர், இரவு

முதலில் அந்தப் பாட்டில்களின் மூடியைத் திருகாதீர்கள், தம்பி. திருகிவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்.

நீங்கள் சொல்லும் அடையாளம் துத்தநாகக் (ஜிங்க்) குறை. மக்காச்சோளத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிது. இலையின் அடிப்பாதியில் நடு நரம்பின் இரு புறமும் அகலமாக வெளுத்திருக்கும். ஓரமும் நடு நரம்பும் பச்சையாகவே நிற்கும். இரும்புக் குறை என்றால் இலை முழுநீளத்துக்கும் நரம்புகள் பச்சையாக இருக்க, இடையிடையே மெல்லிய கோடுகளாக வெளுக்கும். எதற்கும் நான்கு குருத்தைப் பிரித்துப் பாருங்கள். படைப்புழு உள்ளே குடியிருந்தால் அது வேறு வழக்கு.

பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. பாட்டில் விலையில் கால்வாசிகூட ஆகாது. அடுத்த போகத்திலிருந்து ஏக்கருக்கு 10 கிலோ அடியுரமாக, ஒவ்வொரு போகத்துக்கும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசையை மட்டும் தெளிக்காமல் விடுங்கள். ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம்.

மாட்டுக் கணக்கு நாளைக்கு. அது பாதி சரி, பாதி ஆபத்து.

14 அக்டோபர், படுக்கப் போகுமுன்

ஒன்று விட்டுப்போயிற்று. "மண்ணில் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இருக்கும். நம் பக்கத்துச் சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண்ணில் அது பூட்டிக் கிடக்கும். மண்ணின் கார அமில நிலை ஒரு புள்ளி ஏறினால் துத்தநாகத்தின் கரையும் அளவு நூறில் ஒரு பங்காக இறங்கிவிடும். அதற்கு மேல் டிஏபி உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) வந்து இன்னொரு பூட்டும் போடும். விதைக்கும்போது எத்தனை மூட்டை போட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

15 அக்டோபர்

ஏக்கருக்கு இரண்டரை மூட்டையாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டுக் கணக்குக்கு வருகிறேன். பயிரும் மாடும் ஒரே கடையில் வாங்குகின்றன என்பது சரி. ஆனால் இரண்டுக்கும் கணக்குப் புத்தகம் வேறு வேறு. துத்தநாகம், செம்பு, இரும்பு, மாங்கனீசு ஆகியவை இரண்டுக்கும் வேண்டும். போரான் பயிருக்குக் கட்டாயம்; 1923-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் காத்தரின் வாரிங்டன் என்ற பெண்மணி அவரைச் செடியை வைத்து அதை நிறுவினார். மாட்டுக்குப் போரான் உப்பான வெண்காரம் கொடு என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மறுபக்கம் அயோடினும் செலினியமும் மாட்டுக்கு வேண்டும். நெல்லுக்கும் சோளத்துக்கும் தேவையில்லை. தழைத்து நிற்கும் பயிரைப் பார்த்து மாட்டின் நிலையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதும்.

நம்பாவிட்டால் ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்திலும் கங்காரு தீவிலும் செம்மறிகள் பச்சைப் புல்லின் நடுவே நின்றுகொண்டே எலும்பும் தோலுமாகிச் செத்தன. 'கடற்கரை நோய்' என்று பெயர் வைத்தார்கள். மேய்ச்சல் இடத்தை மாற்றினால் தேறின. திரும்பக் கொண்டுவந்தால் மெலிந்தன. இரத்தம் வெளுத்திருந்ததால் இரும்புக் குறை என்று எண்ணினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே போன்ற நோய்க்கு ஓர் இரும்புக் கனிமத்தைக் கொடுத்தபோது சில மாடுகள் தேறவும் செய்தன. பிறகுதான் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவர் ஒரு குறும்பு செய்தார்கள். அந்தக் கனிமத்திலிருந்து இரும்பை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். அப்போதும் தேறின! இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்த துளி கோபால்ட்தான் வேலை பார்த்திருக்கிறது. அது 1935. அதே ஆண்டில் அடிலெய்டில் மார்ஸ்டனும் லைன்ஸும் தனி வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள்.

புல்லுக்குக் கோபால்ட் தேவையில்லை. அதனால்தான் அது செழித்து நின்றது. ஆட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் பி12 உயிர்ச்சத்தை உண்டாக்கக் கோபால்ட் வேண்டும். பி12 என்ற பொருளையே 1948-இல்தான் பிரித்தெடுத்தார்கள். காரணம் தெரிவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மருந்து தெரிந்துவிட்டது. எவ்வளவு வேண்டும் என்கிறீர்கள்? பத்து டன் உலர் தீவனத்தில் ஒரு கிராம். 1950-களில் கோபால்ட் கலந்த கனமான சிறு குண்டு ஒன்றை ஆட்டை விழுங்க வைத்தார்கள். அது இரைப்பையிலேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

ஆகவே மண்ணுக்கு ஜிங்க் போட்டால் தட்டில் ஜிங்க் கொஞ்சம் கூடும். மாட்டுக்குச் சேர வேண்டிய மற்ற ஏழெட்டுக்கு அது பதில் சொல்லாது.

17 அக்டோபர்

நம் உடுமலைத் தம்பி எழுதுகிறார்: "வேலை மிச்சம் என்று டிஏபி ஊறலையும் ஜிங்க் சல்பேட்டையும் ஒரே டிரம்மில் கலந்தேன். தயிர் போலத் திரிந்துவிட்டது. கலப்படச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்."

தம்பி, அந்தக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். திரிந்தால்தான் நல்ல சரக்கு. துத்தநாகமும் மணிச்சத்தும் சேர்ந்து கரையாத உப்பாகிவிட்டன. மண்ணுக்குள் நடக்கும் அதே கூத்தை டிரம்மில் நேரில் பார்த்திருக்கிறீர்கள். தெளிப்பானின் மூக்கு அடைக்கும், பயிருக்கும் பயனில்லை, வரப்பில் ஊற்றுங்கள். ஜிங்கைத் தனியாகத் தெளியுங்கள்.

ஜிங்க் சல்பேட்டில் வழக்கமாகக் கலப்பது மெக்னீசியம் சல்பேட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: வெள்ளை, பளபளப்பு, தண்ணீரில் கரையும். டிஏபித் தெளிவில் ஊற்றினால் மெக்னீசியம் அப்படிக் கட்டியாகத் திரியாது. கைக்கு எட்டிய சோதனை இதுதான்.

19 அக்டோபர்

ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் வீட்டு மூட்டையைச் சோதிக்க வேண்டாமா என்று மனைவி கேட்டாள். போன ஆண்டு வாங்கியதில் ஐந்து கிலோ மிச்சம் இருந்தது. ஒரு சொம்பில் டிஏபியைக் கரைத்து, தெளிந்த நீரை வடித்து, ஜிங்க் கரைசலை ஊற்றினேன்.

திரியவில்லை.

இன்னும் ஊற்றினேன். இலேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். மெக்னீசியம் சல்பேட்டுக்கு நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று பெயர். ஆக, என் தோட்டத்துக்கு நான் போன ஆண்டு கொடுத்தது பேதி.

20 அக்டோபர்

மகள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். டிஏபிச் சோதனையை முழுதாக நம்ப வேண்டாம், மெக்னீசியமும் சில நேரம் மெதுவாகப் படியும் என்று சொல்லி, ஆய்வகத்தில் காஸ்டிக் சோடாவை வைத்துப் பார்த்தாள். நீர்த்த காஸ்டிக் சோடாவில் இரண்டு உப்பும் வெள்ளையாகத் திரியும். காஸ்டிக் சோடாவை மேலும் கூட்டினால் துத்தநாகத் திரிப்பு கரைந்துபோகும், மெக்னீசியத் திரிப்பு கரையாது. நம் சரக்கு கரையாமல் கல்லாக நின்றது. சந்தேகத்துக்கு இடமில்லை.

இப்போது எனக்கு வேறொரு தலைவலி. போன ஆண்டு எங்கள் மக்காச்சோளமும் இப்படித்தான் வெளுத்தது. இதே மூட்டையிலிருந்து எடுத்து யூரியாவோடு தெளித்தேன். எட்டே நாளில் பச்சையாயிற்று. "ஜிங்க் என்றால் ஜிங்க்தான்" என்று நான்கு பேரிடம் பெருமையடித்தேன். அந்த மூட்டையில் துத்தநாகமே இல்லை என்றால் பச்சையாக்கியது எது? யூரியாவாக இருக்கலாம். மழை ஓய்ந்து மண் சூடேறி வேர் கீழே இறங்கியதால் தானாகவே தேறியிருக்கலாம். இளம் பயிரில் அப்படி நடப்பதுண்டு. நான் தெளிக்காமல் ஒரு வரிசைகூட விடவில்லை. அதனால் சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை.

வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசை எதற்கு என்று இப்போது விளங்கியிருக்கும்.

28 அக்டோபர்

14-ஆம் தேதி எழுதியதில் ஒரு பிழை. "ஒவ்வொரு போகத்துக்கும்" என்று சொல்லிவிட்டேன். பட்டுக்கோட்டைப் பக்கத்து நெல் விவசாயி ஒருவர் பிடித்துக்கொண்டார். அவர் சொல்வதே சரி. ஏக்கருக்கு 10 கிலோ போட்டால் ஒரே போகத்தில் தீர்ந்துவிடாது, மிச்சம் அடுத்தடுத்த பயிருக்கும் நிற்கும். மண்ணைச் சோதித்துவிட்டு இரண்டு, மூன்று போகத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். மேலும் மேலும் கொட்டினால் செம்பும் இரும்பும் பயிருக்குள் ஏறுவது தடைப்படும். ஒரு பூட்டைத் திறக்கப் போய் இன்னொன்றைப் பூட்டுவதாகிவிடும்.

போடுவதையும் அப்படியே போடாமல், பத்து மடங்கு தொழுவுரத்தோடு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாதம் மூடி வைத்துப் போடுங்கள். மக்கிய எரு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; மண்ணுக்குப் பூட்ட வாய்ப்புக் குறைவு. என் அப்பா எந்த நுண்ணூட்டமும் வாங்கியதில்லை. ஆனால் ஏரி வண்டல், ஆட்டுக்கிடை, வண்டி வண்டியாகக் குப்பை. அவர் போட்டதும் நுண்ணூட்டம்தான், பெயர் தெரியாமல். "அப்படியென்றால் அந்தக் காலத்தில் குறையே இல்லையா?" என்றால், இருந்திருக்கும். ஏக்கருக்குப் பத்து மூட்டை நெல் எடுக்கும் மண் கொடுப்பதும் நாற்பது மூட்டை எடுக்கும் மண் கொடுப்பதும் ஒன்றல்ல.

அந்தப் பட்டுக்கோட்டைக்காரருக்கு ஒரு செய்தி. நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்தது போலப் புள்ளி விழுந்து பயிர் குட்டையாகத் திட்டுத் திட்டாக நிற்கிறதல்லவா? வடக்கே அதற்குக் 'கைரா' என்று பெயர். வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியின் நிறம். இமயமலை அடிவாரத்தில் பந்த்நகர்ப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியலாளர் நெனே, அது துத்தநாகக் குறை என்று 1966-இல் காட்டினார். பூசண மருந்து அடித்துப் பணத்தைக் கரைக்காதீர்கள். தண்ணீர் தேங்கிய வயலில் இரும்பு தாராளமாகக் கரைந்து வரும், துத்தநாகம் பின்வாங்கும். அதே நெல்லைப் புழுதியில் விதைத்தால் நாற்று இரும்புக்கு ஏங்கி வெளுக்கும். அங்கே அன்னபேதி என்ற இரும்பு உப்பைத் தெளிக்க வேண்டும்.

5 நவம்பர்

மாடு இன்னும் சுவரை நக்குகிறது என்று நினைவூட்டுகிறார். சரி.

நுண்தாதுவுக்குப் போகுமுன் நான்கு கேள்வி. குடற்புழு நீக்கி எத்தனை மாதம் ஆயிற்று? மருத்துவர் கையை விட்டுக் கருப்பையைப் பார்த்தாரா, அல்லது வந்தார், ஊசி போட்டார், போனார் என்பதுதானா? இரவில் பருவத்துக்கு வருவதை யாராவது எழுந்து பார்க்கிறீர்களா? காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்ற கணக்குத் தப்பாமல் நடக்கிறதா? இவற்றில் எங்கே கோளாறு இருந்தாலும் செம்பையும் துத்தநாகத்தையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பால் பீய்ச்சும் அளவுக்குத் தீனி இல்லாத மாடும் பருவத்துக்கு வராது.

சுவரை நக்குவது பெரும்பாலும் உப்பு ஏக்கம், அல்லது மணிச்சத்துக் குறை. வெறும் வைக்கோலும் தட்டும் தின்னும் மாட்டுக்கு மணிச்சத்து எட்டாது. மணிச்சத்து நுண்தாது அல்ல, பேரளவுத் தாது. ஆனால் கலவையில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை நாள் ஒன்றுக்கு 50 கிராம், தவிட்டில் பிசைந்து. சாப்பாட்டு உப்பு தனி. பையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 1664 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் பகுதிக்கேற்ற கலவை என்பதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறது. அந்தந்த வட்டாரத்து மண்ணையும் தீவனத்தையும் சோதித்து, எது குறைவோ அதை மட்டும் கூட்டிக் கொடுப்பது. பொதுக் கலவையைவிட அது புத்திசாலித்தனம். கிடைத்தால் அதை வாங்குங்கள். இரண்டு மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கொடுத்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதாதீர்கள்.

இன்னொருவர் கேட்கிறார்: "எங்கள் பட்டிச் செம்மறிக்கும் இதே பைதானே?"

5 நவம்பர், இரவு

கூடாது. காரணத்தை எழுத இன்று மனம் வரவில்லை.

12 நவம்பர், தீபாவளி

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

2016. ஆடி மாதம் பதினான்கு மேச்சேரிச் செம்மறிக் கிடாக்குட்டி பிடித்தேன். தீபாவளிக்கு விற்பது திட்டம். அதுவரை எங்கள் ஆடுகள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் வேலங்காயையும் மேய்ந்து வளர்ந்தவைதான். இவற்றை மட்டும் கொட்டிலில் கட்டிக் கொழுக்க வைக்க ஆசை. மாட்டுக்கு வாங்கிய கலப்புத் தீவனத்தையே வைத்தேன். மேலே ஒரு கைப்பிடி மாட்டுத் தாது உப்புக் கலவை, தலைக்கு. யாரும் சொல்லிச் செய்ததில்லை. மாட்டுக்கு நல்லதென்றால் ஆட்டுக்கும் நல்லதுதானே என்ற என் சொந்த மூளை.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் இதில் மோசம். முடி மினுமினுத்தது, சதை பிடித்தது, வந்து பார்த்தவர்கள் எல்லாம் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் சொல்லியும் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மினி லாரியில் ஏற்றிச் சந்தைக்குப் போனோம். வழியெல்லாம் மழை. கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை, திருப்பிக் கொண்டுவந்தேன். மறுநாள் இரண்டு குட்டி தீனிக்கு வாய் வைக்கவில்லை. கண்ணிமையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள். சிறுநீர் காப்பி டிகாஷன் போல. பாம்பு தீண்டியிருக்கும் என்றார் ஒருவர், நீலநாக்கு நோய் என்றார் இன்னொருவர். மாலைக்குள் ஒன்று விழுந்தது. அடுத்த இரண்டு நாளில் நான்கு.

கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் மஞ்சள். சிறுநீரகம் கறுத்து, நாவற்பழம் மாதிரி. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மாட்டுத் தீவனம் வைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

செம்பு. மாடு கூடுதலான செம்பைப் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். செம்மறிக்கு அந்தத் திறமை குறைவு. ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும். ஈரல் நிரம்பும்வரை வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது. பிறகு பயணம், பட்டினி, மழை என்று ஏதாவது ஓர் அதிர்ச்சி வந்தால் எல்லாச் செம்பும் ஒரே மூச்சில் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கலவையில் செம்பு 0.1 சதவீதம் என்று வைத்தால் ஒரு கைப்பிடியான 30 கிராமில் 30 மில்லிகிராம். குட்டி தின்பதோ நாளுக்கு ஒரு கிலோவைச் சுற்றி. ஐரோப்பாவில் செம்மறித் தீவனத்தில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. நான் கைப்பிடியில் மட்டுமே அதைப் போல இரு மடங்கு வைத்தேன். தீவனத்துக்குள் இருந்தது தனி.

மிச்சம் ஒன்பது குட்டிக்கு அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும் நாள்தோறும் வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார். எட்டு பிழைத்தன.

மாலிப்டினம் ஏன்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் சோமர்செட் வட்டாரத்தில் சில மேய்ச்சல் நிலங்களில் மாடுகளை விட்டால் கழிந்து கழிந்து மெலியும், கறுப்பு முடி பழுப்பாக வெளுக்கும். நூறாண்டுக்கு மேல் காரணம் தெரியவில்லை. அந்தப் புல்லில் மாலிப்டினம் மிகுதி என்று 1938-இல் கண்டார்கள். இரைப்பையில் மாலிப்டினமும் கந்தகமும் கூடிச் செம்பைக் கட்டிப்போட்டுவிடும்; தீவனத்தில் செம்பு இருந்தும் மாடு செம்புக்கு ஏங்கும். மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கொடுத்துத் தேற்றினார்கள். அங்கே மாட்டைக் கெடுத்த அதே பூட்டைத்தான் இங்கே என் ஆட்டுக்கு மருந்தாகப் போட்டார் மருத்துவர்.

ஆட்டுக்குச் செம்பே வேண்டாம் என்று புரிந்துகொள்ளாதீர்கள். சினை ஆட்டுக்குச் செம்பு குறைந்தால் பின்னங்கால் பின்னிக்கொண்டு தள்ளாடும் குட்டி பிறக்கும். வேண்டும், ஆனால் வேண்டிய அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே செம்மறிக்கு இருப்பது ஒரு வரப்பு அகலம். வெள்ளாடு இன்னும் கொஞ்சம் தாங்கும். செம்மறிக்கென்று தனியாக விற்கும் கலவையை மட்டும் வாங்குங்கள். பையில் செம்பு அளவைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றேனே, அவர்களில் மூவர் வீட்டுக்கு நேரில் போய் நிறுத்தச் சொன்னேன். நான்காமவர் யார் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

14 நவம்பர்

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "கோழிக்கழிவை ஆட்டுத் தீவனத்தில் கலக்கலாமா" என்று இதற்குப் பிறகும் கேட்பவருக்கு: கோழித் தீவனத்தில் செம்பு சேர்ப்பார்கள், அது எச்சத்தில் அப்படியே வரும். மேலே உள்ள குறிப்பை இன்னொரு முறை படியுங்கள்.

3 டிசம்பர்

மழை. தோட்டத்துக்குப் போக முடியவில்லை, அதனால் வம்பு.

யூரியாவை மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அதை மண்ணிலும் செடியிலும் உடைக்கும் நொதிக்கு நடுவில் நிக்கல் இருக்கிறது தெரியுமா? அந்த நொதியை 1926-இல் சம்னர் என்ற அமெரிக்கர் படிகமாக்கினார். நொதி என்பது புரதம் என்று காட்டியதே அவர்தான். நோபல் பரிசும் கிடைத்தது. எதிலிருந்து எடுத்தார்? நம் வேலியில் படரும் வாளவரையின் ஒன்றுவிட்ட தம்பியிலிருந்து. சம்னருக்கு இளமையிலேயே ஒரு கை போய்விட்டது; ஒற்றைக் கையால் செய்த வேலை. அதற்குள் நிக்கல் இருப்பது தெரிய இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. உடனே நிக்கல் பாட்டில் தேடிக் கடைக்கு ஓடாதீர்கள். நம் மண்ணில் போதுமானது இருக்கும்.

வாழைக்காரர் ஒருவர் நுண்ணூட்டத் தெளிப்பில் ஏன் ஷாம்பு சேர்க்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தார். வாழை இலையில் மெழுகு. தண்ணீர் உருண்டு ஓடும். ஒரு பாக்கெட் ஷாம்பு போட்டால் ஒட்டும். எலுமிச்சைச் சாறு நம் உப்புக் கிணற்றுத் தண்ணீரின் காரத்தைத் தணிக்க. அறிவியல்தான், கேலி வேண்டாம்.

பன்றிப் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பிறந்த மூன்றாம் நாளே குட்டிக்கு இரும்பு ஊசி போடுகிறார். குட்டிக்கு நாளுக்கு ஏழு மில்லிகிராம் வேண்டும், தாய்ப்பாலில் கிடைப்பது ஒன்று. தெருவில் திரியும் பன்றிக்குட்டிக்கு எந்த ஊசியும் இல்லை. சேற்றைக் கிளறித் தின்று கொள்கிறது. சிமெண்டுத் தரை போட்டதும் ஊசி வந்துவிட்டது.

20 டிசம்பர்

மண்வள அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் நம் தம்பி. பன்னிரண்டு வரிகளில் துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஐந்தும் இருக்கின்றன. கார அமில நிலை 8.4, துத்தநாகம் குறைவு. நல்லது. ஆனால் இரும்பு மட்டும் தாறுமாறாக மிகுதி என்று வந்திருக்கிறது. 8.4 மண்ணில் இது என்ன அதிசயம்?

எதை வைத்து மண் எடுத்தீர்கள்? துருப்பிடித்த மண்வெட்டியா? நுண்ணூட்டச் சோதனைக்கு மண் எடுக்கும்போது மண்வெட்டியால் ஆங்கில வி வடிவில் அரையடி குழி வெட்டிக்கொண்டு, பக்கவாட்டு மண்ணை மூங்கில் குச்சியால் வழித்து எடுக்க வேண்டும். தகர வாளி கூடாது, அதன் பூச்சே துத்தநாகம்தான். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் எதுவும் வேண்டாம். கோடையில் மறுபடி எடுங்கள்.

அட்டையில் கோபால்ட், அயோடின், செலினியம் என்று வரி ஏதாவது இருக்கிறதா? இல்லை. அது பயிரின் புத்தகம். 15 அக்டோபரில் சொன்னது இதைத்தான்.

21 ஜனவரி 2024

பொங்கல் கழிந்து உடுமலையிலிருந்து முழு அறிக்கை வந்திருக்கிறது.

மாடு சினை. இந்த வாரம் மருத்துவர் பார்த்து உறுதி செய்திருக்கிறார். மகிழ்ச்சி. நவம்பரில் குடற்புழு மருந்து கொடுத்தாராம், தாது உப்பு தொடங்கினாராம், மருத்துவர் கருப்பையைக் கழுவி மருந்து விட்டாராம், அவருடைய அம்மா இரவில் இரண்டு முறை எழுந்து மாட்டைப் பார்த்தாராம். எதனால் நின்றது என்று கேட்கிறார். நான் அம்மாவின் பக்கம். சுவரை நக்குவது மட்டும் நின்றுவிட்டதாம். அதைத் தாது உப்பின் கணக்கில் எழுதலாம்.

பாட்டில்களில் இரண்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு புண்ணாக்குக் கொடுத்திருக்கிறார். படிக்க முடியாத மூன்றாவதை எடுத்துக்கொள்ளவில்லை. அவராலும் படிக்க முடியவில்லையாம்.

மக்காச்சோளம் அறுத்தாயிற்று. தெளித்த இடத்தில் கதிர் நன்றாகப் பிடித்திருக்கிறது. தெளிக்காமல் விட்ட இரண்டு வரிசையைத்தான் நான் மூன்று மாதமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஆள் தெரியாமல் மருந்தடித்துவிட்டார். மற்றதில் பயிர் குட்டையாகவே நின்றது, ஆண் பூ நான்கைந்து நாள் பின்தங்கி வந்தது என்பதுவரை குறித்து வைத்திருக்கிறார். கதிரை எடை போடலாம் என்று இருந்தபோது மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அந்த வரிசையை அடியோடு மேய்ந்துவிட்டது.